என் மச்சானின் சண்டைக்கு நான் நடுவர்

மூன்றாவது சுற்றும் முடிந்து மணி அடித்துவிட்டது.

என் மடியில் ஒரு பலகை. பலகையில் ஒரு கடுதாசி. கையில், ஒரு முனை சிவப்பும் மறுமுனை நீலமுமான பென்சில். கடற்காற்றில் கடுதாசி படபடக்கிறது. பெருவிரலால் அதை அமர்த்திப் பிடித்ததில், ஒரு மூலை வியர்வையில் நனைந்தே போயிற்று.

மேடையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, உதடு வீங்கி, மூச்சு வாங்க நிற்பவன் றபீக். என் மனைவி ஜெமீலாவின் ஒரே தம்பி. அவன் வென்றானா தோற்றானா என்று நான் எழுத வேண்டும்.

மேற்கே வெளிச்சம் குறைந்துகொண்டு வருகிறது. மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்குப் பத்து நிமிடம்கூட இல்லை. "மாஸ்டர், கெதியா எழுதித் தாங்க" என்று மத்தியஸ்தர் கயிற்றுக்கு மேலால் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்.

அவர் கொஞ்சம் நிற்கட்டும். நடுவருக்குப் போட்ட அந்தக் கதிரையில் நான் எப்படிப் போய் மாட்டிக்கொண்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கணித வாத்தியாருக்கு அங்கே என்ன வேலை?

சில வாரங்களுக்கு முன் இந்தத் தொடரில், போகிற போக்கில், "நான் குத்துச்சண்டை நடுவராக இருந்தபோது" என்று ஒரு வரி எழுதிவிட்டேன். சாய்ந்தமருதிலிருந்து பழைய மாணவர் ஒருவர் உடனே கடிதம் போட்டார். "பிரம்பைக்கூட ஓங்கத் தெரியாத நீங்களா சேர்?"

நியாயமான கேள்விதான். ஆனால் நடுவருக்கு அடிக்கத் தெரிய வேண்டியதில்லை. எண்ணத் தெரிந்தால் போதும். கல்முனையில் அந்த நாட்களில் எண்ணத் தெரிந்து, சும்மாவும் இருந்த ஆள் நான்தான்.

எழுபதுகள் முடிகிற காலம். பொலிசில் சார்ஜனாக இருந்து ஓய்வு பெற்ற ஆதம்பாவா காக்கா ஊருக்கு வந்து சேர்ந்திருந்தார். காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன்; சார்ஜன் காக்கா என்றால்தான் ஊருக்குத் தெரியும். வேலையில் இருந்தபோது பொலிஸ் அணிக்காகக் குத்துச்சண்டை போட்டவர். அதற்குச் சாட்சியாக அவருடைய மூக்கு ஒரு பக்கமாகத் திரும்பியிருக்கும். வந்த கையோடு ஒரு சாக்கில் கடல் மணலை நிரப்பி வாகை மரத்தில் கட்டித் தொங்கவிட்டார். பின்னேரமானால் நெசவுக்குப் போகிற பொடியன்கள், கரைவலை இழுக்கிற பொடியன்கள், ஒன்றுக்கும் போகாத பொடியன்கள் எல்லோரும் அந்தச் சாக்கைச் சுற்றி நின்றார்கள்.

கையுறை இரண்டே சோடி. ஊரெல்லாம் போட்டுக் கழற்றிய அந்த உறைகளை ஒருதரம் மோந்து பார்த்தவன், அதற்குப் பிறகு எந்தக் கருவாட்டுக் கடைக்கும் மூக்கைப் பொத்தாமல் போவான்.

போட்டி வைப்பதென்று முடிவானபோது பள்ளிக்கூட மைதானத்தில் மேடை எழுந்தது. அரிசி ஆலையிலிருந்து பலகை. அதன்மேல் வைக்கோல். வைக்கோலின்மேல், நெல் சூடடிக்க விரிக்கிற தடித்த படங்குத் துணி. கயிறு உடம்பைக் கிழித்துவிடாமல் மருதமுனைத் தறிகளில் மிஞ்சிய துண்டுகளைச் சுற்றினார்கள். பச்சையும் ரோசாவும் மஞ்சளுமாகச் சுற்றிய கயிறுகளைப் பார்த்தால், யாருக்கோ கலியாணம் என்றுதான் நினைக்கத் தோன்றும்.

நடுவர்களைப் பழக்குவதற்குக் கொழும்பிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. எங்கள் பொடியன்களுக்குச் சிங்களமும் இங்கிலீசும் ஓடாது. "மாஸ்டர், ஒரு மணித்தியாலம் வந்து மொழிபெயர்த்துட்டுப் போங்க" என்று சார்ஜன் காக்கா கூப்பிட்டார். நானும் போனேன். மொழிபெயர்த்தவனுக்குத்தான் சட்டம் முழுவதும் தெரியும் என்று பின்னேரமே என்னை நடுவராக்கிவிட்டார்கள்.

அதுவரை நானும் ஊரைப் போலத்தான் நினைத்திருந்தேன்: மேடைக்குள்ளே வெள்ளை உடுப்புப் போட்டு நிற்பவர்தான் தீர்ப்புச் சொல்கிறவர் என்று. அப்படியில்லை. உள்ளே நிற்பவர் மத்தியஸ்தர். பிடித்துக்கொண்டு நின்றால் விலக்குவார், தலையால் முட்டினால் எச்சரிப்பார், ஒருவன் தாங்கமாட்டான் என்று கண்டால் சண்டையை நிறுத்துவார். புள்ளி போடுவது அவர் வேலையில்லை. அது மேடையின் மூன்று பக்கத்தில், ஒருவரோடொருவர் கதைக்காமல், தனித்தனிக் கதிரையில் இருக்கிற மூன்று நடுவர்களின் வேலை.

கையுறையின் முன்பக்கத்தில் வெள்ளை பூசியிருக்கும். அந்த வெள்ளை முகத்திலோ நெஞ்சிலோ சரியாகப் பட்டால் ஒரு கோடு. மூன்று கோட்டுக்கு ஒரு புள்ளி வித்தியாசம். சுற்றில் வென்றவனுக்கு இருபது, மற்றவனுக்கு அதிலிருந்து குறைவு. சமமாக முடிந்த சுற்றுக்கு இருவருக்கும் இருபது.

மூன்று சுற்றையும் கூட்டும்போது சமமாக வந்தால்? அதற்கும் சட்டம் இருந்தது. நடுவர் யாரையாவது ஒருவனைத் தேர்ந்தே ஆக வேண்டும். முதலில், யார் முன்னேறிப் போய்த் தாக்கினான் என்று பார். அதிலும் சமமென்றால்தான், யார் நன்றாகத் தடுத்தான் என்று பார். இந்த ஒழுங்கை மாற்றக் கூடாது. இதை மொழிபெயர்த்தவன் நான். இரண்டு முறை அழுத்திச் சொன்னவனும் நான்தான்.

சிவப்பு நீலப் பென்சில் மட்டும் எங்கள் ஊர் ஏற்பாடு. மத்தியஸ்தராக நின்ற சார்ஜன் காக்காவுக்குக் கிட்டத்தில் உள்ள எழுத்துத் தெரியாது, ஆனால் மேடையில் கண்ணாடி போட வெட்கம். எங்கள் கடுதாசிகளை வாங்கிச் சரிபார்த்து மேசைக்குக் கொடுக்க வேண்டியவர் அவர். அதனால் வென்றவனின் பெயரைச் சுற்றி, அவன் மூலையின் நிறத்தில் ஒரு வட்டம் போட வேண்டும் என்று கட்டளையிட்டார். பெயரை வாசிக்காமலே அவர் வெற்றியாளனைக் கண்டுகொள்வார்.

உம்மா என்ன குடி?

இப்போது அந்தப் பெரிய ஏற்பாட்டுக்கு வருகிறேன்.

நடுவர் யாருக்கும் சொந்தக்காரனாக இருக்கக் கூடாது என்று கொழும்புப் பெரியவர் சொல்லியிருந்தார். சார்ஜன் காக்கா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சண்டைக்கும் முன்னால் இரண்டு வீரர்களிடமும் மூன்று நடுவர்களிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார்.

"உம்மா என்ன குடி?"

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் கரையில் முஸ்லிம்களுக்கும் குடி உண்டு, தமிழர்களுக்கும் குடி உண்டு. அது தாய்வழியாக வரும். உம்மாவின் குடிதான் பிள்ளையின் குடி. ஒரே குடிக்குள் கலியாணம் கிடையாது. (என் குடி எது என்று இங்கே எழுதமாட்டேன். எழுதினால் அந்தக் குடியிலிருந்து நாலு கடிதமும் மற்றக் குடிகளிலிருந்து நாற்பதும் வரும்.)

நடுவரும் வீரனும் ஒரே குடியென்றால் நடுவர் எழும்ப வேண்டும். வேறு வேறு குடியென்றால் இருக்கலாம். அவ்வளவுதான் சார்ஜன் காக்காவின் நீதிமன்றம். கேட்டவுடன் எங்கள் எல்லோருக்கும் மிகச் சரியாகத்தான் பட்டது. எல்லாரும் தலையாட்டினோம்.

கடைசிச் சண்டை. சிவப்பு மூலையில் றபீக். நீல மூலையில் காரைதீவிலிருந்து வந்த யோகராசா. வெல்கிறவனைக் கொழும்புப் போட்டிக்கு அனுப்புவார்கள். அங்கே நன்றாகச் செய்தால் ஒரு அரசாங்கக் கூட்டுத்தாபனம் தன் அணிக்கு எடுத்து, நிரந்தர வேலையும் கொடுக்கும். றபீக் அப்போது ஆலையில் நெல் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். வாப்பா இல்லாத வீடு. ஒரு மாதமாக அவன் உம்மா, அதாவது என் மாமி, தொழுகைப் பாயிலிருந்து எழும்ப நேரம் எடுத்தார்.

அந்தச் சண்டையின் மூன்று நடுவர்களில் ஒருவர் மருந்துக்கடை சுபைர். நான் ஓய்வாக வாங்குப் பலகையில் இருந்து கச்சான் கடலை தின்றுகொண்டிருந்தேன். சார்ஜன் காக்கா வந்து குடி கேட்டார். பார்த்தால், சுபைரின் குடிக்கும் யோகராசாவின் குடிக்கும் பெயர் ஒன்று.

"நீங்க எழும்புங்க சுபைர்."

"என்ன காக்கா இது? அவர் காரதீவு, நான் கல்முனை. அவர் கோயிலுக்குப் போறவர், நான் பள்ளிக்குப் போறவன். என்ன சொந்தம்?"

"ஒரே குடி. சட்டம் சட்டம்தான். மாஸ்டர், நீங்க வந்து இரிங்க."

எனக்குக் கடலை தொண்டையில் சிக்கியது. "காக்கா, றபீக் என்ட..."

"ஒங்கட குடியா?"

"இல்ல. ஆனா..."

"வேற குடிதானே? போய் இரிங்க. பாங்கு செல்லப் போகுது."

மனைவியின் தம்பி எப்படி என் குடியாக இருப்பான்? வேறு குடி என்பதால்தானே அவன் ராத்தாவை, அக்காவை, நான் கலியாணம் முடிக்க முடிந்தது! சார்ஜன் காக்காவின் கொப்பியில் உலகத்து மச்சான்மார் எல்லோரும் அந்நியர்கள். முன்பின் காணாத இருவரைச் சொந்தமென்று பிரித்துவிட்டு, ஒரே சட்டியில் சோறு தின்கிற இருவரை அது சேர்த்து வைத்தது.

ஒரே சட்டி என்பது சும்மா சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். நான் இருந்தது மாமி கட்டிக் கொடுத்த வீடு. மாமியின் அடுப்புக்கும் என் மேசைக்கும் நடுவில் ஒரு கதவு மட்டும்தான்.

பலமாக ஒரு சத்தம் போட்டிருந்தால் என்னை எழுப்பியிருப்பார்கள். நான் போடவில்லை. அதற்கு இன்றைக்கும் என்னிடம் நல்ல காரணம் இல்லை.

மூன்று சுற்று

றபீக் சண்டை போட்டால் முன்னுக்குத்தான் போவான். பின்னால் என்று ஒரு திசை இருப்பதே அவனுக்குத் தெரியாது. இடது கை நேராக, சொல்லி வைத்த இடத்துக்குப் போகும். யோகராசா வேறு மாதிரி. நகர்ந்து நகர்ந்து, வருகிறதில் பாதியை முழங்கையில் வாங்கிக்கொண்டு, சட்டென்று ஒன்று கொடுப்பான். அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

முதல் சுற்றில் றபீக் அவசரப்பட்டான். யோகராசாவுக்கு இருபது, றபீக்குக்குப் பத்தொன்பது. இரண்டாவது சுற்றில் நிதானம் வந்தது. றபீக்குக்கு இருபது, யோகராசாவுக்குப் பத்தொன்பது. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

மூன்றாவது தொடங்குமுன் சனத்துக்குள்ளிருந்து ஒரு குரல்: "மாஸ்டர், மச்சானுக்குப் போட்டுராதீங்க!"

மைதானம் முழுவதும் சிரித்தது. சிரிக்காமல் இருந்தவர்கள் காரைதீவார்தான். ஒரு உழவு இயந்திரப் பெட்டியில் இருபது பேர் வந்திருந்தார்கள். அவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எங்களை நம்பி எங்கள் ஊருக்கு வந்தவர்கள்.

மூன்றாவது சுற்றில் இருவரும் கொடுத்ததைக் கொடுத்தார்கள், வாங்கியதை வாங்கினார்கள். கோடுகளை எண்ணினேன். சமம். திரும்ப எண்ணினேன். சமம். கூட்டினால் ஐம்பத்தொன்பது, ஐம்பத்தொன்பது.

ஒரு சிவப்புப் பொட்டு

இப்போது தொடங்கிய இடத்துக்கு வந்துவிட்டோம். மத்தியஸ்தரின் கை நீண்டு நிற்கிறது.

யார் முன்னேறிப் போய்த் தாக்கினான்? இதை ஒரு சின்னப் பிள்ளையிடம் கேட்டாலும் சொல்லும். மூன்று சுற்றும் றபீக்தான் முன்னுக்குப் போனான். சட்டப்படி விசயம் அதோடு முடிந்தது.

பென்சிலின் சிவப்பு முனையை அவன் பெயருக்குப் பக்கத்தில் வைத்தேன். அந்தக் குரல் காதுக்குள் திரும்பவும் கேட்டது. மச்சானுக்குப் போட்டுராதீங்க. நாளைக்குச் சந்தையில், பள்ளிவாசலில், பஸ்ஸில் அதே குரல். காரைதீவாரின் அந்தப் பார்வை. யோகராசாவின் தடுப்பு எவ்வளவு அழகு என்று எனக்கு நானே சொல்லத் தொடங்கினேன்.

பென்சிலை மற்றப் பக்கம் திருப்பினேன். யோகராசாவின் பெயரைச் சுற்றி நீல வட்டம் போட்டேன்.

நிமிர்ந்தபோது கயிற்றுக்கு மேலால் றபீக் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

போட்டி மேசையில் இருந்த கொழும்புப் பெரியவர் என் கடுதாசியைப் பார்த்துவிட்டு, இந்தச் சிவப்புப் பொட்டு என்ன என்று கேட்டார். கை தவறிப் பட்டது என்றேன். மற்ற இரு நடுவர்களில் ஒருவர் சிவப்பு, ஒருவர் நீலம். என் வட்டம்தான் முடிவு. எந்த நடுவர் யாருக்குப் போட்டார் என்று சொல்வதில்லை. "இரண்டுக்கு ஒன்று, நீல மூலை" என்று சார்ஜன் காக்கா யோகராசாவின் கையை உயர்த்தவும், பாங்கு சொல்லவும் சரியாக இருந்தது.

நேர்மையாக நடந்துகொண்டேன் என்று நினைத்தேன் என்று எழுத ஆசைதான். அப்படி நான் ஒரு நிமிடமும் நினைக்கவில்லை. பயந்தவன் செய்கிற வேலையைச் செய்தேன். சொந்தக்காரனுக்கு அள்ளிக் கொடுப்பது மட்டும்தான் அநியாயம் என்றில்லை. சொந்தக்காரன் என்பதற்காக அவனுடையதைப் பறிப்பதும் அதே அநியாயம்தான்.

நீதமான மனிசன்

தொழுகை முடிந்து, கடற்கரையில் வேண்டுமென்றே சுற்றிவிட்டு வீட்டுக்குப் போனேன். வாசல் படலைக்குள் கால் வைக்கும்போதே மாமியின் குரல் கேட்டது. இன்றைக்கு இந்த வீட்டில் எனக்குச் சோறு கிடையாது என்றுதான் நினைத்தேன்.

"வாங்க மருமகன்" என்றார் மாமி. கண் சிவந்திருந்தது, ஆனால் கோபம் என்மேல் இல்லை. "எல்லாம் றபீக் சென்னான். நீங்க அவனுக்குத்தான் போட்டீங்களாம். மத்த ரெண்டு பேரும்தான் கவுத்துப் போட்டாங்களாம். நீங்க என்ன செய்வீங்க?"

றபீக் மூலையில் இருந்து உதட்டுக்கு ஈரத்துணி வைத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்க்கவில்லை.

"ஓம் உம்மா" என்றான், துணிக்குள்ளிருந்து. "மச்சான் எனக்குத்தான் போட்டவர். நான் பாத்த."

மாமி எனக்குச் சோறு போட்டார். பாரைமீன் தலை. அது எப்போதும் றபீக்குக்கு வைப்பது. "நீதமான மனிசன்" என்று ஜெமீலாவிடம் சொன்னார். "ஊர் என்ன கதைக்கும் எண்டு பாக்காம, உள்ளதப் போட்டிரிக்கார்."

"ஏன் சாப்பிடாம இரிக்கீங்க? உறைப்பா?" என்று ஜெமீலா கேட்டார்.

"இல்ல, நல்லாரிக்கி" என்றேன். முழுத் தலையையும் தின்றேன். என் வாழ்நாளில் அவ்வளவு கஷ்டப்பட்டு எதையும் தின்றதில்லை.

அன்றிலிருந்து அந்த வீட்டில் என் மதிப்பு எங்கேயோ உயரத்துக்குப் போய்விட்டது. அயலில் வேலிச் சண்டை வந்தாலும் மாமி என்னைத்தான் கூப்பிடுவார். "என்ட மருமகனக் கேளுங்க, அவர் நீதம் செல்லுவார்." நான் தலையைக் குனிந்துகொண்டு போய் நிற்பேன். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

நடுவர் கதிரையில் நான் திரும்ப இருக்கவில்லை. அடுத்த போட்டிக்குச் சார்ஜன் காக்கா வந்து கூப்பிட்டார். கண் சரியில்லை என்று சாட்டுச் சொன்னேன்.

"அதுக்கென்ன, கண்ணாடி போடுங்க மாஸ்டர்" என்றார், தான் ஒருநாளும் போடாதவர். பிறகு தாழ்ந்த குரலில், "நான் கொப்பிய மாத்திட்டன். இனி யாரு யார முடிச்சிரிக்கான் எண்டும் கேக்கப் போறன்" என்றார்.

கேட்டார். அந்தக் கணக்கில் நீலாவணையிலிருந்து அக்கரைப்பற்றுவரை ஒரு நடுவர்கூட மிஞ்சவில்லை. கடைசியில் திருகோணமலையிலிருந்து ஆள் எடுத்தார்கள்.

கடுதாசி

யோகராசா கொழும்பில் இரண்டு சண்டை வென்று, மூன்றாவதில் தோற்று, கூட்டுத்தாபனத்தில் வேலையும் எடுத்துக்கொண்டான். அதற்கு அவன் முற்றிலும் தகுதியானவன். ஆனால் லீவில் வரும்போதெல்லாம் அவனைக் கண்டால் நான் தெருவின் மற்றப் பக்கம் போய்விடுவேன்.

சில வருடங்கள் கழித்து ஒரு நாள் அக்கரைப்பற்று பஸ்ஸில் பக்கத்தில் வந்து இருந்துவிட்டான். தப்ப வழியில்லை.

"றபீக் எப்படி சேர்? சவூதிக்குப் போறானாமே?"

"ஓம். டிரைவர் வேலை. அடுத்த கிழமை."

"நல்லாரிக்கட்டும்." தாடையைத் தடவிக்கொண்டான். "அவன்ட இடது கை வாங்கி மூணு நாள் சோறு மெல்ல ஏலாமக் கிடந்தன் சேர். கஞ்சிதான் குடிச்ச. கொழும்பில ஒருத்தனும் எனக்கு அப்படிப் போடயில்ல."

அவன் குற்றமாகச் சொல்லவில்லை. பெருமையாகச் சொன்னான். எனக்குத்தான் இறங்க வேண்டிய இடம் தெரியாமல் போயிற்று.

றபீக் புறப்படுகிற காலை. பெட்டி கட்டியாயிற்று. கொழும்பு பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. மாமியும் ஜெமீலாவும் குசினியில் சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் அவனை முற்றத்துக்குக் கூப்பிட்டேன்.

"தம்பி, அண்டைக்கு நான்..."

"தெரியும் மச்சான். பென்சில் திரும்பினத நான் பாத்த."

"பாத்துட்டுத்தான் உம்மாக்கிட்ட அப்படிச் சென்னயா?"

"வேற என்ன செய்ய? நான் தோத்ததுக்கு அழுவாவா, நீங்க நீலம் போட்டதுக்கு அழுவாவா? ஒண்டுக்கு அழுதாப் போதும் எண்டு விட்டன். ராத்தாவும் நடுவில நிக்கா."

பிறகு அவனே கேட்டான். அத்தனை வருடமும் அவன் வாயில் கிடந்த கேள்வி என்று அதைக் கேட்ட விதத்திலேயே தெரிந்தது.

"ஒண்டு மட்டும் செல்லுங்க மச்சான். நான் நெசமாத் தோத்தனா?"

"இல்ல" என்றேன். "புள்ளி சமம். நீதான் முன்னேறிப் போனவன். சட்டப்படி நீதான் வெண்ட. நான் பயத்தில மாத்திப் போட்டன்."

முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டான். தோள் ஒருதரம் ஏறி இறங்கியது. பிறகு திரும்பி, கண்ணைத் துடைக்காமலே சிரித்தான்.

"அப்ப எழுதித் தாங்க."

உள்ளே போய் என் மேசை லாச்சியைத் திறந்தேன். சிவப்பு நீலப் பென்சில் வாத்தியார் வீட்டில் எப்போதும் இருக்கும். கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து, இரண்டு பெயர், மூன்று சுற்று, கீழே ஐம்பத்தொன்பது, ஐம்பத்தொன்பது என்று எழுதினேன். எல்லாம் நினைவிருந்தது. றபீக் என்ற பெயரைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டு, கையெழுத்தும் வைத்தேன். மை காயக் காத்திருக்கிறவனைப் போல அவன் பக்கத்தில் நின்றான்.

கடுதாசியை மடித்துப் பாஸ்போட்டுக்குள் வைக்கும்போது மாமி பார்சலோடு வந்துவிட்டார்.

"என்ன மகன் அது?"

"அண்டைக்கு மச்சான் எனக்குப் போட்டாரே, அந்தக் கடுதாசி உம்மா."

மாமி அதை வாங்கி விரித்தார். குர்ஆனை ஓதுவார், தமிழ் எழுத்து வாசிக்க வராது. வட்டத்தின்மேல் விரலை வைத்து ஒரு சுற்றுச் சுற்றினார்.

"சிவப்பு. இது என்ட மகன்ட நிறம்தானே?"

"ஓம் மாமி" என்றேன். அன்றைக்கு நான் தலையைக் குனியவில்லை.